கொரியத் துறைமுக மீன் சந்தையில் கடலோரம் உட்கார்ந்து சாப்பிட, குடிக்க: தெரிந்துகொண்டு போக வேண்டியவை

உல்சானுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கூட வேலை செய்யும் கொரியர்கள் சனிக்கிழமை பூசான் ஜகல்ச்சிச் சந்தைக்குப் போய் மீன் சாப்பிட்டு, கடலைப் பார்த்தபடி சோஜு என்கிற கொரியச் சாராயம் குடிக்கலாம் என்று கூப்பிடுகிறார்கள். பச்சை மீன் பழக்கமில்லை. எப்படி வாங்குவது, எவ்வளவு ஆகும், ஏமாற்றிவிடுவார்களா, வெட்டவெளியில் உட்கார்ந்து குடித்தால் போலீஸ் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் போய்விட்டு வாருங்கள். பச்சை மீனை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள், ஆனால் அதுதான் இதில் சுலபமான பகுதி. பணம் எங்கெங்கே கொடுக்க வேண்டும் என்பதும், கடலோரத்தில் எங்கே உட்காரலாம் என்பதும்தான் புதிதாக வருபவர்களைக் குழப்பும். இரண்டாவது விஷயம் சில வருடங்களாக மாறிக்கொண்டே வருகிறது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்தால் அங்கே இருப்பது வேறாக இருக்கும்.

முதலில் இடத்தைப் பற்றி. ஜகல்ச்சி பூசானின் பழைய துறைமுகப் பகுதியான நம்போதோங்கில் இருக்கிறது. கொரியாவின் மிகப் பெரிய மீன் சந்தை என்று பெயர். 1950 முதல் 1953 வரை நடந்த போரில் பூசான் தற்காலிகத் தலைநகரமாக இருந்தது. வடக்கிலிருந்தும் நடு நாட்டிலிருந்தும் அகதிகள் வந்து குவிந்தார்கள். பிழைக்க வழியில்லாத பெண்கள் கரையில் அலுமினியத் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு மீன் விற்க உட்கார்ந்தார்கள். சந்தை பெருத்தது அப்படித்தான். இன்றைக்கும் அங்கே வியாபாரம் பெண்கள் கையில்தான். ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட ஏப்ரன், சுருட்டை முடி, ஊரையே கூப்பிடும் குரல். அவர்களை ‘ஜகல்ச்சி அஜிமே’ என்பார்கள். சந்தையின் முழக்கமே பூசான் பேச்சுவழக்கில் ‘ஓயிசொ, பொயிசொ, சாயிசொ’. வாங்க, பாருங்க, எடுத்துட்டுப் போங்க என்று அர்த்தம். சென்னைக் காசிமேட்டில் காலையில் ஏலம் பார்த்தவருக்கு இந்தச் சத்தம் புதிதாக இருக்காது.

கடற்பறவை சிறகு விரித்த மாதிரிக் கூரை போட்ட பெரிய கட்டடம் 2006இல் வந்தது. கீழ்த்தளம் முழுக்க உயிர் மீன் தொட்டிகள், மேல்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள். கட்டடத்துக்கு வெளியே தெருவோரம் பழைய பாணிக் கடைகள், பொரித்த மீன் சாப்பாட்டுக் கடைகள், கருவாட்டுச் சந்தை. கட்டடத்தின் பின்பக்கம் கடலை ஒட்டி உட்காரும் திட்டு இருக்கிறது. எதிரே யோங்தோ தீவு, கப்பல் பழுதுபார்க்கும் தளங்கள், தலைக்கு மேலே கடற்புறாக்கள். மாதத்தில் சில செவ்வாய்க்கிழமைகள் கட்டடத்துக்குள் விடுமுறை. அதனால் செவ்வாய் போவதாக இருந்தால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

இனி வாங்கும் முறை. நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கீழ்த்தளத்தில் மீனை வாங்குவது ஒரு கணக்கு. மேலே உட்கார்ந்து சாப்பிடுவது இன்னொரு கணக்கு. கீழே தொட்டியில் மீனைக் காட்டுவீர்கள், அஜிமே வலையில் அள்ளி ஓட்டைக் கூடையில் போட்டு எடை போடுவார், கிலோ விலை சொல்வார், அங்கேயே வெட்டித் தருவார். அதை எடுத்துக்கொண்டு மேலே போனால் ஓர் உணவகம் மேசை கொடுக்கும். இலைகள், பூண்டு, மிளகாய், சோஜாங் என்கிற புளிப்புக் கார மிளகாய்ச் சாந்து எல்லாம் வைக்கும். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம்; பெரும்பாலும் 5,000 வொன் அளவில் இருக்கும். எலும்பையும் தலையையும் போட்டு வைத்துத் தரும் காரக் குழம்பு மேவுன்தாங். அதற்குத் தனிக் காசு. சோறு தனி, சோஜு தனி. கீழே மீனுக்கு 80,000 வொன் கொடுத்துவிட்டு ‘முடிந்தது’ என்று நினைத்து மேலே போகிறவர், கடைசியில் வரும் பில்லைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துவதை அடிக்கடி பார்க்கலாம். ஏமாற்றவில்லை, முறையே அதுதான்.

நாலு பேர் போனால், இரண்டு கிலோ வளர்ப்பு மீன், மேசைக் கட்டணம், குழம்பு, நாலைந்து பாட்டில் சோஜு எல்லாம் சேர்த்து 150,000 வொன் பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் காசுக்குச் சுமார் ஒன்பதாயிரம் ரூபாய். நண்டோ கடலில் பிடித்த மீனோ கேட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அலுவலகத்துக் கூட்டம் என்றால் பெரும்பாலும் மூத்தவர் கொடுத்துவிடுவார், அல்லது மறுநாள் போனில் தலைக்கு இவ்வளவு என்று பங்கு வரும். முதல் தடவை உங்களைக் கொடுக்க விடமாட்டார்கள். இரண்டாவது சுற்றுக்கு நீங்கள் காபி வாங்கிக் கொடுங்கள். நல்ல பேர் வரும்.

ஏமாற்று உண்டா? உண்டு. எல்லா ஊர் மீன் சந்தையிலும் உள்ளதுதான். கூடையில் தண்ணீரோடு எடை போடுவது, கூடையின் எடையைக் கழிக்காமல் விடுவது, காட்டியது ஒன்று பையில் போனது ஒன்று. இன்சோன் பக்கத்து சோரே துறைமுகச் சந்தையில் உயிர் நண்டைக் காட்டிவிட்டுக் கால் உதிர்ந்த நண்டைக் கட்டிக் கொடுத்த விவகாரம் 2023இல் பெரிதாக வெடித்து, வியாபாரிகள் கூடி நின்று தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் உங்களோடு கொரியர்கள் வருகிறார்கள். கவலை பாதி குறைந்தது. தனியாகப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு சுற்று சுற்றி நாலு கடையில் விலை கேளுங்கள். எடை போடும்போது தராசையும், வெட்டும்போது கையையும் பாருங்கள். பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைக் கடைக்காரரையே படிக்கச் சொல்லுங்கள். உள்நாட்டு மீனா, ஜப்பானா, சீனாவா என்று எழுதி வைப்பது அங்கே சட்டம். ஃபுகுஷிமா உட்பட எட்டு ஜப்பானிய மாகாணங்களின் கடலுணவுக்கு 2013இல் இருந்து கொரியா தடை போட்டிருப்பதால், இந்த விஷயத்தில் அங்குள்ள மக்களே கண்கொத்திப் பாம்பாக இருக்கிறார்கள். பேரத்தில் விலை அதிகம் குறையாது. அதற்குப் பதிலாக ‘சர்வீஸ்’ என்று சொல்லி ஒரு கணவாயோ ஒரு கை சிப்பியோ சேர்த்துப் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

என்ன மீன் வாங்குவது? பச்சை மீன் துண்டுகளை அங்கே ஹ்வே என்பார்கள். முதல் தடவைக்கு க்வாங்கொ எடுங்கள். நம் எருமைநாக்கு ஜாதித் தட்டை மீன். வாடை கிடையாது, பெரும்பாலும் பண்ணையில் வளர்ப்பது, விலையும் மிதம். அடுத்து ஊரொக் என்கிற பாறை மீன். அதன் தலையும் எலும்பும் குழம்புக்கு அருமை. க்வாங்கொவில் பாதிக்கும் குறைவாகத்தான் சதை கிடைக்கும், மீதி எல்லாம் குழம்புச் சட்டிக்குப் போகும். அதனால் துண்டுகளைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று மிரள வேண்டாம்.

வெட்டுவதை நின்று பாருங்கள். மீனின் தலையில் ஓர் அடி, செவுளில் ஒரு கீறல், ரத்தம் வடிய ஒரு நிமிடம். பிறகு கத்தி முதுகெலும்பை ஒட்டியே ஓடி நாலு பாளமாகக் கழற்றும். தோலைக் கீழே பிடித்து ஒரே இழுப்பு. துண்டுத் துணியில் பாளங்களைச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, சாய்வாக நறுக்கித் தட்டில் அடுக்குவார். தொட்டியில் இருந்து தட்டுக்கு வரப் பத்து நிமிடம் ஆகாது. ஜப்பானில் மீனை வெட்டி வைத்துப் பக்குவப்படுத்திப் பிறகு சாப்பிடும் வழக்கம் அதிகம். கொரியர்களுக்கு அப்போதே கொன்றது வேண்டும். சதை விறைப்பாக, பல்லுக்கு எதிர்ப்புக் கொடுக்க வேண்டும். அதனால் உருகும் என்று எதிர்பார்க்காதீர்கள், மெல்ல வேண்டியிருக்கும்.

சாப்பிடும் விதத்தில்தான் நம் நாக்குக்கு வழி இருக்கிறது. உள்ளங்கையில் ஒரு லெட்டூஸ் இலை, மேலே ஒரு பெரில்லா இலை. அதில் இரண்டு துண்டு மீன், ஒரு பூண்டுச் சீவல், ஒரு வட்டம் பச்சை மிளகாய், ஒரு விரல் நுனி அளவு பீன்ஸ் சாந்து. மடித்து முழுதாக வாய்க்குள் போட வேண்டும்; பாதி கடித்து மீதியைக் கையில் வைத்திருந்தால் சிரிப்பார்கள். பெரில்லா இலைக்கு ஓமவல்லிக்கும் துளசிக்கும் நடுவில் ஒரு வாசனை. பூண்டும் மிளகாயும் பச்சையாகவே இருப்பதால் மீன் வாடை என்று பயந்தது எங்கே போனது என்று தெரியாது. ஒரு தட்டு முடிவதற்குள் பழகிவிடும். அதற்குப் பிறகு வரும் மேவுன்தாங்கைப் பார்த்தால் நீங்களே ஒரு குண்டான் சோறு கேட்பீர்கள். சிவக்கச் சிவக்கக் கொதிக்கும். முள்ளங்கி, வெங்காயத் தாள், பூண்டு, மிளகாய்த்தூள். புளிப்பு மட்டும் இல்லை. சிலர் கடைசியில் கோதுமை மாவைப் பிய்த்துப் போட்டுத் தரச் சொல்வார்கள், நல்ல யோசனை.

பச்சையே வேண்டாம் என்றாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் ஜகல்ச்சியில் முதலில் சாப்பிட வேண்டியதே ஹ்வே அல்ல, கொம்ஜாங்கொ. விலாங்கு மாதிரி நீளமாக இருக்கும், ஆனால் விலாங்கு அல்ல. தாடையே இல்லாத மிகப் பழைய உயிரினம். தொட்டால் வாளி நிறையச் சளி கக்கும். 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநில நெடுஞ்சாலையில் இதை ஏற்றி வந்த லாரியின் பெட்டிகள் சரிந்து சாலை முழுக்கச் சளி பரவியது. கார்கள் அதில் மூழ்கிய படம் உலகமெல்லாம் ஓடியது. அந்தச் சரக்கு வந்துகொண்டிருந்தது கொரியாவுக்குத்தான். இன்றைக்குப் பூசானில் வாட்டப்படுவதில் நிறைய அப்படி வெளிநாட்டில் இருந்து வருவது. பழைய கதை வேறு: தோலை உரித்துப் பை, பர்ஸ் செய்யும் தொழிலுக்குக் கொடுத்துவிடுவார்கள், யாரும் சீண்டாமல் மிஞ்சிய சதையை ஏழைகள் கரி அடுப்பில் வாட்டித் தின்றார்கள். போர்க்காலப் பசியில் அது பரவியது, பிறகு ஊரின் அடையாளமே ஆகிவிட்டது.

கடையின் முன்னால் பலகையில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அஜிமே தலையை அதில் குத்தி, கழுத்தைச் சுற்றி ஒரு கீறு கீறி, தோலைக் காலுறை கழற்றுவது போல் ஒரே இழுப்பில் உருவுவார். தோல் போன பிறகும் சதை நெளியும். மனசு இளகியவர்கள் இதைப் பார்க்காமல் உள்ளே போய் உட்காருவது நல்லது. மேசையில் வெங்காயம், மிளகாய்ச் சாந்தோடு தகட்டில் வதங்கி வரும்போது, கோழி ஈரலுக்கும் கணவாய்க்கும் நடுவில் ஒரு கடிபதம். நடுவில் ஓடும் தண்டு மட்டும் குருத்தெலும்பு மாதிரி நறுக்கென்று இருக்கும். மிஞ்சிய சாந்தில் சோறும் கடற்பாசித் தூளும் போட்டுக் கிளறித் தருவார்கள். அதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். பூசானை ஒட்டிய கிஜாங்கில் வைக்கோல் தீயில் சுட்டுக் கொடுப்பது இன்னொரு வகை. புகை வாசம் பிடிக்குமென்றால் அங்கேயும் ஒருநாள் போங்கள், உல்சானுக்குத் திரும்பும் வழிதான்.

மேசையில் துணைக்கு வரும் சின்னத் தட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் வருவது மொங்கே என்கிற கடல் உயிரி. அயோடின் வாசனை அடிக்கும், சிலருக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும், சிலருக்கு ஜென்மத்துக்கும் பிடிக்காது. மண்புழு பருத்த மாதிரி இருப்பது கேபுல். பார்வைக்குத்தான் பயங்கரம், சுவை இனிப்பு. கறுப்பாக நறநறவென்று இருப்பது கடல் அட்டை. ராமேசுவரம், தொண்டிப் பக்கத்து ஆள் யாராவது பார்த்தால் திடுக்கிடுவார். நம் நாட்டில் 2001இல் இருந்து அதைப் பிடித்தாலே வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. மன்னார் வளைகுடாவில் அதைக் கடத்திப் பிடிபடும் செய்தி வராத மாதமே இல்லை. அங்கே அது சோஜாங்கில் தொட்டுத் தின்னும் சாதாரணச் சைட் டிஷ்.

சன்நக்ஜி என்று ஒன்று வைப்பார்கள். சின்னப் பேய்க்கணவாயை அப்போதே நறுக்கி நல்லெண்ணெய், உப்பு, எள் போட்டது. துண்டுகள் தட்டில் நெளிந்துகொண்டே இருக்கும். உயிர் போய்விட்டது, நரம்புதான் துடிக்கிறது. ஆனால் உறிஞ்சு வாய்கள் வேலை செய்யும். மெல்லாமல் விழுங்கித் தொண்டையில் ஒட்டி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. நன்றாக எண்ணெயில் புரட்டி, பேச்சை நிறுத்திவிட்டு மெல்லுங்கள். இரண்டு பாட்டில் முடிந்த பிறகு இதைத் தொடவே தொடாதீர்கள். வீரத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது.

உடம்புக்கு ஆகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பண்ணையில் வளர்த்த க்வாங்கொ, ஊரொக் போன்றவற்றில் அனிசாகிஸ் என்கிற ஒட்டுண்ணிப் புழுத் தொல்லை மிகக் குறைவு. கடலில் பிடித்த காணாங்கெளுத்தி, கணவாய் வகைகளில் அதிகம். செத்துக் குடலோடு கிடந்த மீனைப் பச்சையாகத் தின்னாதீர்கள். கோடையில் கடல் சூடாகும்போது விப்ரியோ கிருமி பெருகும்; ஈரல் நோய், சர்க்கரை, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்களுக்கு அது உயிர்ச் சேதம் வரை போகும், அவர்கள் கோடையில் பச்சைச் சிப்பி, பச்சை மீனை விட்டுவிடுவதே சரி. குளிர்காலத்தில் பச்சைச் சிப்பியில் வாந்தி, பேதி தரும் நோரோ வைரஸ். சோஜு ஊற்றினால் கிருமி, புழு எல்லாம் செத்துவிடும் என்று உங்கள் மேசையில் ஒருவராவது சொல்வார். சாகாது. பதினாறு சதவீதச் சாராயத்தில் ஒன்றும் சாகாது, குடிப்பவரின் ஈரல்தான் வேலை செய்யும்.

சோஜு என்றதும் அதையும் பார்த்துவிடுவோம். பச்சைப் பாட்டில், 360 மில்லி, இன்றைக்குச் சுமார் 16, 17 சதவீதம். பழைய சோஜு அரிசியை வாலையில் வடித்தது. 1965இல் அரிசித் தட்டுப்பாட்டால் அரிசியில் சோஜு வடிக்க அரசு தடை போட்டது. அப்புறம் மரவள்ளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் எடுத்த சுத்தச் சாராயத்தில் தண்ணீரும் இனிப்பும் கலந்து விற்க ஆரம்பித்தார்கள். அப்போது முப்பது சதவீதமாக இருந்தது வருடத்துக்கு வருடம் இறங்கி இங்கே வந்து நிற்கிறது. குடிக்க லேசாக இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். பூசானில் போனால் தேசன் என்கிற அந்த ஊர்ச் சோஜுவைக் கேளுங்கள். ஊர்க்காரர்கள் முகம் மலரும். 1970களில் இருந்து விற்பனையாளர்கள் வாங்கும் சோஜுவில் பாதி அந்தந்த மாகாணத்து நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. விதி போனாலும் ஊர்ப்பற்று போகவில்லை. தென் கொங்சாங்கில் ஜொஉன்தே, தென் ஜொல்லாவில் இப்சேஜு, ஜெஜுவில் ஹல்லாசான் என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு பாட்டில்.

மேசை ஒழுங்கு ரொம்பக் கஷ்டமில்லை. உங்களைவிட மூத்தவருக்கு இரண்டு கையாலும் ஊற்றுங்கள், இரண்டு கையாலும் வாங்குங்கள். குடிக்கும்போது அவரைப் பாராமல் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அப்பா எதிரில் குடிக்காமல் ஒளிந்து குடிப்போம்; அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து முகத்தை மட்டும் திருப்புகிறார்கள். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. பக்கத்தில் காலி கிளாஸ் தெரிந்தால் நீங்கள் நிரப்ப வேண்டும். கிளாஸில் மிச்சம் இருக்கும்போது மேலே ஊற்ற மாட்டார்கள், அதனால் போதும் என்று தோன்றினால் பாதி கிளாஸை அப்படியே வைத்துவிடுங்கள். காலி செய்தால் மறுபடி வரும். குடிப்பதே இல்லை என்றால் முதலிலேயே சொல்லிவிட்டு, அங்கே ‘சைடர்’ என்று விற்கும் எலுமிச்சை சோடாவைச் சோஜு கிளாஸில் ஊற்றிக்கொண்டு ‘ஜான்’ என்று இடியுங்கள். இளம் தலைமுறையில் யாரையும் வற்புறுத்துவது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. மேசையில் தின்ன எதுவும் இல்லாமல் வெறும் சோஜு குடிப்பவரை அங்கே பார்க்கவே முடியாது; தட்டு காலியானால் இன்னொரு தட்டு வரும், அல்லது எழுந்து அடுத்த கடைக்குப் போவார்கள்.

இப்போது வெட்டவெளி விவகாரம். டாஸ்மாக் வாசலில் பாட்டிலைத் திறந்தாலே போலீஸ் வரும் ஊரில் இருந்து வருகிறோம், அதனால் சந்தேகம் வருவது நியாயம். கொரியாவில் பொது இடத்தில் குடிப்பதற்குப் பொதுவான தடை கிடையாது. ஆற்றங்கரை, கடற்கரை, பெட்டிக்கடை வாசலில் போட்ட பிளாஸ்டிக் மேசை, எங்கேயும் குடிக்கிறார்கள். ஆனால் 2021இல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தால், உள்ளாட்சிகள் தங்கள் எல்லையில் குறிப்பிட்ட இடங்களை மது கூடாத இடம் என்று அறிவித்து அபராதம் போடலாம் என்று ஆனது. இதன் விளைவைப் பூசானிலேயே பார்க்கலாம்.

க்வாங்கல்லிக் கடற்கரைக்குப் பக்கத்தில் மில்லாக் நீர்முனைப் பூங்கா. பின்னால் மீன் சந்தை, முன்னால் படிப்படியாகக் கடலுக்குள் இறங்கும் திட்டு, எதிரே இரவில் விளக்கெரியும் க்வாங்கான் பாலம். முன்பெல்லாம் சந்தையில் ஹ்வே கட்டி வாங்கி, பெட்டிக்கடையில் சோஜு எடுத்து, பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். கோடைச் சனிக்கிழமை இரவில் கால் வைக்க இடம் இருக்காது. மறுநாள் காலையில் குப்பை மலை. 2023 ஜூலை 1 முதல் அங்கே மது தடை; மீறினால் 50,000 வொன் அபராதம். கூட்டம் கரைந்துவிட்டது, பின்னால் இருந்த மீன் கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார்கள். குப்பையும் சத்தமும் தாங்காமல் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவர்கள் பட்ட பாடும் உண்மை, சந்தைக்காரர்களின் வயிற்றெரிச்சலும் உண்மை. எனக்கென்னவோ முழுத் தடையைவிட நேரக் கட்டுப்பாடு போதுமாயிருந்திருக்கும் என்றுதான் படுகிறது. ஹேவுந்தே கடற்கரையில் இருந்த கூடாரக் கடைகளும் 2024 ஜூனில் அகற்றப்பட்டுவிட்டன. திரைப்பட விழாவுக்கு வரும் நடிகர்கள் சிங்கி இறால் போட்ட ராம்யன் நூடுல்ஸ் சாப்பிட உட்காரும் இடமாக இருந்தது. பழைய வீடியோக்களில் நீங்கள் பார்த்த காட்சி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் எங்கே உட்காருவது? ஜகல்ச்சியில் தெருவோரக் கொம்ஜாங்கொக் கடைகளில் பிளாஸ்டிக் திரை போட்ட அரைவெளி மேசைகள் உண்டு. கடல் அடுத்த சந்தில். மேல்தளத்தில் கண்ணாடிக்கு அருகில் மேசை கேட்டால் துறைமுகம் முழுதும் தெரியும். பின்பக்கத் திட்டில் கடல் காற்று வாங்கலாம். அங்கே உட்கார்ந்து திறக்கும் முன் அறிவிப்புப் பலகையைக் கூட வருபவரைப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே சாப்பிட்டாலும் குப்பையைக் கட்டி எடுத்து வாருங்கள். மில்லாக் கதை வேறெங்கும் தொடர வேண்டாம். காற்றும் கரிப்புகையும் சேர்ந்து வேண்டுமென்றால் சொங்சாபோவுக்குப் போங்கள். சின்னத் துறை, கரையோரக் கடைகளில் சிப்பிகளைக் கரியில் சுட்டு, மேலே வெங்காயமும் சீஸும் போட்டுக் கொடுப்பார்கள். ஓடு வெடித்துச் சாறு தெறிக்கும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசானைத் தாண்டிப் போக நேரம் கிடைத்தால் யொசுவில் பாலத்தடியில் சிவப்புக் கூடாரங்கள் வரிசையாக நிற்கும். பேய்க்கணவாய், பன்றி வயிற்றுத் துண்டு, கிம்ச்சி மூன்றையும் ஒரே தகட்டில் வாட்டுவது அங்கே பேர் போனது. பன்றி சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். தோங்யொங்கில் தாஜி என்ற குடிக் கடைகள்: மீனை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, அன்று படகில் வந்தது வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எனக்கு எல்லாத் துறைமுகத்திலும் மிகவும் பிடித்த முறை அது. கிழக்குக் கரையின் சொக்சோ கணவாய்க்குப் பெயர் பெற்றது. கடல் சூடாகிக் கணவாய் வெகுவாகக் குறைந்துவிட்டதால் இப்போது விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பருவமும் முக்கியம். செப்டம்பர், அக்டோபர் ஜொனொ காலம். அந்த மீன் சுடும் வாசனைக்கு வீட்டை விட்டு ஓடிப்போன மருமகளும் திரும்பி வருவாள் என்று அங்கே பழமொழி. முள் அதிகம், ஆனால் எலும்போடு நறுக்கித் தருவார்கள், சுட்டும் கேட்கலாம். அக்டோபரில் ஜகல்ச்சித் திருவிழாவும் நடக்கும். வெளியில் உட்கார அதைவிட நல்ல மாதம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் பங்கொ என்கிற மீன் கொழுத்திருக்கும், ஆனால் துறைமுகக் காற்று எலும்பைத் துளைக்கும், உள்ளே உட்காருங்கள். ஜூலை, ஆகஸ்டில் வேக வைத்தது, வாட்டியது போதும்.

போக்குவரத்துக்கு: உல்சான் தேஹ்வாகாங் நிலையத்தில் தோங்ஹே தட ரயில் ஏறி க்யோதேயில் இறங்கி, பூசான் மெட்ரோ ஒன்றாம் தடத்தில் ஜகல்ச்சி நிலையம் வரை போய்விடலாம். சந்தைக்கு அங்கிருந்து சில நிமிட நடை. காரில் வருவதாக யாராவது சொன்னால் குடிக்காத ஓட்டுநர் யார் என்று கிளம்பும்போதே கேளுங்கள். 2019இல் இருந்து அங்கே வரம்பு 0.03 சதவீதம், ஒரு கிளாஸே சிலருக்கு அதைத் தாண்டிவிடும், வாடகை மின்ஸ்கூட்டருக்கும் அதே கணக்குத்தான். திரும்பும் கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடும். மாலை நாலு, நாலரைக்கே சந்தைக்குள் நுழைந்துவிட்டால் மீன் வாங்க, கொம்ஜாங்கொ சாப்பிட, மேவுன்தாங்குக்குச் சோறு போட, இரண்டாவது சுற்றுக்கு நம்போதோங் சந்துக்குள் போக, எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.